நோவும் அதன் கடிவாளமும்

விழா மலர் என்றால் அதில் எழுதுவதற்குரிய பொருள்கள் இவையிவை என்று ஒரு வழக்கம் உண்டு. அதிபர்களின் பெருமை, விடுதிச் சாலையிற் செய்த குறும்புகள், கிரிக்கெட் ஆட்டத்தில் அடைந்த வெற்றி, அடைந்த தோல்விக்குக் கூறிய சமாதானம் ஆகியவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் இம்மலரிலே எழுதியிருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் நோவு. மங்கலமான வேளையில் இப்பேச்சு எதற்கு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். எமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் வைத்தியர் உளர். தேயிலைத் தோட்டங்களிற் கடமையாற்றும் உத்தியோகத்தர் உளர். மலைநாட்டுப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியரும் உளர். அவர்கள் நாள்தோறும் பிறருடைய நோவுக்கு முன்னே நிற்பவர்கள். அவர்களோடு பேசித் தீர்க்கவேண்டிய ஒரு வழக்கு எம்மிடம் நெடுநாளாக இருக்கின்றது.

நாம் பிறந்து வளர்ந்தது கந்தப்பளையில். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள ஊர் அது. தை மாதத்து விடியலிற் புல்லின் மேல் உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போலக் கிடக்கும் நாள்களும் உண்டு. எமது லயத்திற்கு அடுத்த லயத்தில் ஒரு பெண்மணி இருந்தார். உறவு முறை எதுவும் இல்லாவிடினும் சின்னம்மா என்றே அழைப்போம். ஒருநாள் மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர் கூடையை இறக்கி வைத்ததும், காலடியிற் குருதி தேங்கியிருப்பதைக் கண்டோம். கவ்வாத்து வெட்டிய மலையில் நின்ற கூரிய மிலாறு ஒன்று அவருடைய உள்ளங்காலிற் பாய்ந்து ஒடிந்திருந்தது. எப்பொழுது குத்தியதென்று அவராற் சொல்ல இயலவில்லை. மழையிலே, செங்குத்தான சரிவிலே, குறித்த கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர்தான் என்ற நினைவோடு நின்றவருக்கு அது தெரியவில்லை. நிறுவை முடிந்து, பேர் விழுந்தது என்று அறிந்த பின்னரே, “அப்பத் தெரியல தம்பி, இப்பத்தான் உயிர் போவுது” என்று தரையில் அமர்ந்தார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் கூறிய வார்த்தையை இன்றும் மறந்தோமில்லை. “ஒங்க சனங்களுக்கு நோவு தெரியவா போவுது? மரத்த ஒடம்பு” என்றார். இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார். நான்கு நாள் கழித்து வீங்கிய காலோடு அவர் திரும்பவும் சென்றபொழுது கிடைத்த வார்த்தை வேறு: “வேலைக்குப் போகாம இருக்க நல்லா நடிக்கிறே.” ஒடிந்த முள் அவ்வளவு நாளும் உள்ளேயே இருந்தது.

பொறுத்தவேளையில் நோவு தெரியாத உடம்பு, அழுதவேளையில் நடிப்பு. இவ்விரண்டு தீர்ப்புகளும் ஒருவர் வாயிலிருந்து ஒரு வாரத்திற்குள் வந்தன. இவை அவர் ஒருவருடைய தீர்ப்பு அல்ல. உடலுழைப்பாளரைப் பற்றி உலகம் எங்கும் வழங்கி வருபவை. மூளையிலுள்ள சில நுண்பொருள்கள் நோவை ஆளும் விதத்தைக் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். அதை அறிந்தவர் இவ்விரண்டு தீர்ப்பையும் இனி வழங்க இயலாது என்பதே எமது வழக்கு.

முதலிற் சிறிது பாடம். அலுப்புத் தட்டினால் மாணவர் பக்கத்தைத் திருப்பலாம். பரீட்சையில் இது வராது.

காலில் முள் தைத்தால் இரு வகை நரம்பிழைகள் அச்செய்தியைக் கொண்டு செல்கின்றன. ஒருவகை விரைந்து செல்வது. “சுரீர்” என்னும் முதல் நோவு அதனால் வருவது. மற்றையது மெல்லிய இழை. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரமே செல்ல வல்லது. பாதத்திலிருந்து முள்ளந்தண்டை அடைய அதற்கு ஒரு விநாடி அளவு வேண்டும். பின்னால் வந்து தங்கும் கடுப்பு அதனுடையது. இவ்விழைகளின் முனை முள்ளந்தண்டு வடத்தின் பின்புறத்தில் அடுத்த நரம்புக் கலத்தைச் சந்திக்கின்றது. அச்சந்தியிற் செய்தி இரசாயனப் பொருளாக மாறி இடைவெளியைக் கடக்கும். அப்பொருள்களுள் ஒன்று ‘பொருள் பி’ எனப்படுவது. 1931 இல் வொன் ஒய்லர், காடம் என்னும் இருவர் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாற்றில் இதனைக் கண்டனர். பதினொரு அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. இத்தகைய சிறு மாலைகளைப் பெப்டைட்டு என்பர். நரம்புக் கலங்கள் செய்தி சொல்லப் பயன்படுத்துபவை நரம்புப் பெப்டைட்டுகள்.

நோவைக் கொண்டு செல்லும் பெப்டைட்டு இருப்பது வியப்பன்று. நோவைத் தடுக்கும் பெப்டைட்டு இருப்பதே வியப்பு. அதனைக் கண்ட கதை அபினிலிருந்து தொடங்குகின்றது. அபினிலுள்ள மோர்பினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேர்ட்டூனர் என்ற செருமானியர் பிரித்தெடுத்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக வைத்தியர் அதனைக் கொடுத்தனர். அஃது ஏன் வேலை செய்கின்றது என்பதை அறிந்தாரில்லை. 1973 இல் அமெரிக்காவிற் கான்டேஸ் பேர்ட், சொலமன் சினைடர் என்போர் மூளையில் மோர்பின் சென்று பொருந்தும் ‘வாங்கிகள்’ உள்ளன என்று காட்டினர். அவ்வாண்டிலேயே சுவீடனிலும் நியூயோர்க்கிலும் வேறு இருவர் அதே முடிவைக் கண்டனர். உடனே ஒரு கேள்வி எழுந்தது. கசகசாச் செடியின் பாலுக்கென்று மனிதனுடைய மூளையிற் பூட்டு அமைந்திருப்பானேன்? அப்பூட்டுக்குரிய திறவுகோல் மூளைக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

இருந்தது. ஸ்கொத்லாந்திலுள்ள அபர்டீன் நகரில் யோன் கியூஸ், அன்ஸ் கொஸ்டர்லிட்சு என்னும் இருவர் 1975 இல் அதனை வெளியிட்டனர். பன்றி மூளைகளை வாங்குவதற்கு இளையவரான கியூஸ் விடியற்காலையிற் சைக்கிளில் இறைச்சித் தொட்டிக்குச் சென்று வருவாராம். பேராராய்ச்சிக்குப் பெருஞ்செலவுதான் வேண்டும் என்று எண்ணும் எமது மாணவர் இதைக் கவனிக்க. கண்டெடுத்தவை இரண்டு பெப்டைட்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்தே அமினோ அமிலங்கள். இறுதியிலுள்ள ஒன்றில் மட்டும் வேற்றுமை. என்கெபலின் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டிற் சோ ஆவோ லீ என்னும் சீனப் பேரறிஞர் ஒட்டகத்தின் கபச் சுரப்பியிலிருந்து முப்பத்தொரு அமினோ அமிலம் கொண்ட பீற்றா எண்டோர்பினை வெளியிட்டார். பின்னர் டைனோர்பின் வந்தது. ‘உள்ளிருந்து ஊறும் மோர்பின்’ என்பதே எண்டோர்பின் என்ற பெயரின் பொருள்.

இவை செய்வது யாது? என்கெபலின், நோவிழையின் முனையிலுள்ள வாங்கியிற் பொருந்தினால், அம்முனை ‘பொருள் பி’ முதலியவற்றை வெளிவிடுவது குறையும். அப்பால் உள்ள கலமும் எளிதில் எழுச்சி கொள்ளாது. செய்தி அனுப்புவோன் வாயையும் கேட்போன் காதையும் ஒருங்கே பொத்துவது போன்றது இது. இவ்வாறு பொத்துமாறு ஆணையிடுவது எது? மூளைத்தண்டின் நடுவில் ஒரு சிறு குழாயைச் சூழ்ந்து சாம்பல் நிறப் பகுதி ஒன்று உண்டு. 1969 இல் ரெனோல்ட்ஸ் என்பவர் எலியின் அப்பகுதியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திய நிலையில், மயக்கமருந்து இன்றியே அதன் வயிற்றிற் சத்திர சிகிச்சை செய்தார். எலி நோவு காட்டவில்லை. ஆகவே நோவு என்பது கீழிருந்து மேலே செல்லும் முறைப்பாடு மட்டும் அன்று. மேலிருந்து கீழே வரும் கட்டளையும் அதனுள் உண்டு. தோட்டத்திற் பிறந்த எமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. மலையில் நடப்பது பங்களாவுக்குப் போகும்; பங்களாவில் முடிவாவது மலைக்கு வரும். எது முறைப்பாடு, எது கட்டளை என்பதை அறியாமல் மலையில் நடப்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நிற்க. பத்திரிகைகள் எண்டோர்பினைப் பற்றி எழுதுவன எல்லாவற்றையும் நம்பற்க. சிரித்தால் ஊறும், ஓடினால் ஊறும், சாக்கலேட் தின்றால் ஊறும் என்று எழுதுவர். குருதியில் உள்ள எண்டோர்பின் மூளைக்குள் எளிதிற் புகுவதில்லை என்பதையும், நோவைத் தணிப்பதில் நோரதிரனலின், செரட்டோனின் முதலிய வேறு பொருள்களுக்கும் பங்குண்டு என்பதையும் அவர்கள் எழுதுவதில்லை.

இனி முதலாவது தீர்ப்புக்கு வருவோம். ‘இச்சனங்களுக்கு நோவு தெரியாது’ என்பது பழைய பேச்சு. நாகரிகமடையாதோர் எம்மைப்போல் நோவை உணர்வதில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகழ் பெற்றிருந்த அமெரிக்க நரம்பு வைத்தியர் வியர் மிச்செல் எழுதினார். அக்காலத்து அறியாமை என்று ஒதுக்கிவிடலாம் என்றால், 2016 இல் வேர்சீனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி தடுக்கின்றது. அவர்கள் வினவிய வெள்ளைய வைத்திய மாணவரிலும் பயிற்சி வைத்தியரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பு மக்களின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்க் கருத்துகளுள் ஒன்றையேனும் மெய்யென நம்பினர். அவ்வாறு நம்பியோர் கறுப்பு நோயாளியின் நோவைக் குறைவாக மதித்தனர். மருந்தும் பொருத்தமாகக் கூறினாரில்லர். எமது நாட்டில் யாரும் அப்படி ஒரு கணக்கு எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்து மடுவத்திலும் நகரத்து வீட்டு விறாந்தையிலும் இப்பேச்சைக் கேட்காதவர் எம்முள் யார்?

சின்னம்மாவுக்குக் குத்தியவேளையில் நோவு தெரியாதது மெய்தானே எனலாம். மெய்தான். ஆனால் அது யாருக்கும் நிகழ்வது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையிற் கடுங்காயமுற்ற போர்வீரரை அமெரிக்க வைத்தியர் என்றி பீச்சர் வினவினார். நான்கில் மூவர், நோவு மருந்து வேண்டுமளவிற்கு நோவில்லை என்றனர். 1946 இல் இதை எழுதியபொழுது அவர் இன்னொன்றையும் குறித்தார். குண்டு துளைத்த காயத்தைப் பொறுத்த அவ்வீரரே, குருதி எடுக்க வந்தவர் ஊசியைத் தவறாகக் குத்தினால் மற்றெவரையும் போலக் கத்தினர். உடம்பு மரத்திருந்தால் ஊசியும் தெரியாதிருக்க வேண்டும் அல்லவா? மரத்தது உடம்பன்று. உயிர் பிழைக்க வேண்டிய வேளையில் மூளை கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தது. புலி துரத்தும் மான், காலிலே தைத்த முள்ளைப் பார்க்க நின்றால் பிழைக்குமா? சின்னம்மாவைத் துரத்தியது புலியன்று, அரைப்பேர்.

மாரியம்மன் திருவிழாவில் இதே பெண்கள் பூக்குழி இறங்குவர். இளைஞர் அலகு குத்துவர். யாழ்ப்பாணத்து அன்பர்கள் செடிற்காவடியையும் தூக்குக்காவடியையும் கண்டிருப்பர். இவற்றைச் சுட்டி “பாருங்கள், இவர்களுக்கு நோவு ஏது” என்போரும் உளர். தீமிதியைப் பொறுத்தவரை, நீறு பூத்த தணல் வெப்பத்தை விரைவிற் கடத்தாது என்பதும், அடி அதிற் படுவது சிறு பொழுதே என்பதும் நினைவில் இருத்தற்குரியன. செடிலின் கதை வேறு. நோவைப் பற்றிய ஆராய்ச்சியிற் பெரும்பெயர் பெற்ற கனடா நாட்டு றொனால்ட் மெல்சாக், 1973 இல் வெளியிட்ட ‘நோவின் புதிர்’ என்ற பொருள்படும் தமது நூலில் இந்தியச் செடில் உற்சவத்தையே எடுத்துக்காட்டினார். இறைச்சியிற் கொக்கி ஏறியும் அடியவர் முகம் மலர்ந்திருப்பது, நோவின் அளவைக் காயம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவர் கண்ட சான்று. அதே அடியவர் மறுநாட் பல்வலியிலே துடிப்பார் என்பதை எமது ஊரார் அறிவர். மனம் எதை நோக்கி நிற்கின்றதோ அதற்கேற்பக் கடிவாளம் இறுகும், தளரும். இதைச் சொன்னதும் அம்மனை மறுத்துவிட்டோம் என்று எவரும் சினக்க வேண்டாம். பெப்டைட்டையும் யாரோ படைத்திருக்க வேண்டும்.

ஆனால் இக்கடிவாளம் என்றைக்குமாகப் பிடித்திருப்பதற்கு அமைந்தது அன்று. ஓடித் தப்பும் சிறு பொழுதுக்கு அமைந்தது. பாரமான கூடையைக் கயிற்றினாற் தலையிற் கொளுவி, கழுத்தை முன் தள்ளி, சரிவிலே ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் வைத்து நாட்கணக்கில் அன்று, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த உடம்பின் கதை வேறு. நோவுச் செய்தி ஓயாது வந்துகொண்டிருந்தால் முள்ளந்தண்டிலுள்ள கலங்கள் கூருணர்ச்சி அடைந்து, சிறு தொடுகையையும் நோவாகப் பெருக்கிக் காட்டுகின்றன என்பதை 1983 இற் கிளிபர்ட் வூல்ப் காட்டினார். நரம்பு பழுதுற்ற இடத்திற் டைனோர்பின் மிகுந்து, தணிப்பதற்குப் பதிலாக நோவை வளர்க்கக்கூடும் என்றும் விலங்குகளில் நிகழ்த்திய சோதனைகள் கூறுகின்றன. ஆகவே நெடுநாள் உழைத்த உடம்பு நோவை அறியாத உடம்பு என்பது தலைகீழான பேச்சு. அஃது நோவைப் பிறரினும் மிகுதியாக அறியும் உடம்பாதல் கூடும். எங்கள் ஊர்க் கிழவியர் குளிர் இரவிற் தூங்காமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்ததன் காரணம் இப்பொழுதுதான் எமக்கு விளங்குகின்றது. அவர்கள் முறையிட்டார்களில்லை. முறையிட்டால் என்ன வார்த்தை கிடைக்கும் என்பதை அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது தீர்ப்பு, ‘நடிப்பு’ என்பது. இது முதலாவதிலும் கொடியது என்பது எமது கருத்து. முதலாவது அறியாமை, இது அவமதிப்பு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது யாது தெரியுமா? “வெறும் மாவு மாத்திரை கொடுத்தேன், நோவு நின்றுவிட்டது, ஆகவே நோவே இருக்கவில்லை” என்பர். தருக்கம் போலத் தோன்றும். 1978 இல் இலெவின், கோடன், பீல்ட்ஸ் என்னும் மூவர் இதனைச் சோதித்தனர். கடைவாய்ப்பல் பிடுங்கியோருக்கு மருந்தென்று கூறி வெறும் நீர்மத்தைச் செலுத்தினர். சிலருக்கு நோவு தணிந்தது. பின்னர் நலொக்சோன் கொடுத்தனர். நலொக்சோன் என்பது மோர்பினின் வாங்கியை அடைத்துக்கொண்டு வேறொன்றையும் பொருந்தவிடாத பொருள். தணிந்த நோவு மீண்டது. பல் பிடுங்கிய இடத்தில் நோவு மெய்யாகவே இருந்தது. நம்பிக்கையினால் மூளை தன் சொந்த மோர்பினை ஊற்றியது. அவ்வூற்றை அடைத்ததும் நோவு திரும்பியது. மாவு மாத்திரையாற் குணமாவது நோவு பொய் என்பதற்குச் சான்று அன்று. அது மூளையின் மருந்துச்சாலை திறந்திருக்கின்றது என்பதற்கே சான்று.

1984 இல் அதே குழுவைச் சேர்ந்தோர் இன்னும் நுட்பமாகச் சோதித்தனர். நோயாளி அறியாதபடி மறைவாகச் செலுத்திய மோர்பின் 6 தொடக்கம் 8 மில்லிகிராம் அளவில் இருந்தாற்றான், கண்முன்னே ‘மருந்து’ என்று சொல்லிச் செலுத்திய வெறும் நீர்மத்திற்கு ஈடாயிற்று. இதனை எமது வைத்திய நண்பர்கள் ஆற அமரச் சிந்திக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் முகமும் சொல்லும் மருந்தின் பகுதியே. இதைக் கூறுவது ஏமாற்றுவதற்கு அனுமதிச் சீட்டு வழங்குவதாகாது. முள்ளை எடுக்காமல் இன்சொல் கூறுவது எவ்வாற்றானும் வைத்தியம் அன்று. முள்ளையும் எடுக்க வேண்டும். சொல்லும் கூற வேண்டும்.

இனி மறுபக்கம். நற்சொல் நோவைத் தணிக்குமாயின் கடுஞ்சொல் யாது செய்யும்? இத்தாலியிலுள்ள தூரின் நகரத்துப் பபிரிசியோ பெனடெட்டி 1997 இல் இதற்கு விடை வெளியிட்டார். சத்திர சிகிச்சைக்குப் பின் படுத்திருந்தோரிடம், ‘இதனால் நோவு கூடும்’ என்று கூறித் தீங்கற்ற பொருளைக் கொடுத்தபொழுது நோவு கூடியது. கோலசிஸ்டோகைனின் என்றொரு பெப்டைட்டு உண்டு. பித்தப்பையைச் சுருக்குவது என்று பாடப்புத்தகத்திற் படித்திருப்பீர்கள். அதே பெப்டைட்டு மூளையிலும் உண்டு. அச்சத்தோடு தொடர்புற்று, எண்டோர்பினின் வேலைக்கு எதிராக நிற்பது. அதன் வாங்கியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபொழுது, அச்சமூட்டிய சொல்லால் நோவு கூடவில்லை. ‘சுடுசொல்’ என்று எம்முன்னோர் இட்ட பெயர் வெறும் உவமை என்றே நாம் எண்ணியிருந்தோம்.

சின்னம்மாவுக்கு டிஸ்பென்சரியில் இரண்டு மாத்திரையும் ஒரு சொல்லும் கொடுக்கப்பட்டன. மாத்திரை தணித்ததைச் சொல் எவ்வளவு திருப்பி எடுத்துக்கொண்டது என்று யார் கணக்கிட்டார்?

இவ்வளவு அறிந்த பின்னும் நல்ல மருந்துகள் ஏன் வரவில்லை என்று கேட்போருக்குச் சிறிது கூறுவோம். ‘பொருள் பி’யைத் தடுத்தால் நோவு ஒழியும் என்று பெரிதும் எதிர்பார்த்தனர். விலங்குகளில் நம்பிக்கை தந்த அம்மருந்துகள் மனிதரிற் தோற்றன. அவ்வகையைச் சேர்ந்த ஒன்று 2003 இற் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்தாகவே பயன்பாட்டுக்கு வந்தது. வெற்றியும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அறியப்பட்ட முப்பத்தேழு அமினோ அமிலம் கொண்ட பெப்டைட்டு ஒன்று ஒற்றைத் தலைவலிக்குக் காரணமாவதைக் கண்டு, அதனைத் தடுக்கும் ஊசிமருந்து 2018 தொடக்கம் மேனாடுகளில் வழங்கப்படுகின்றது. அதற்கு உழைத்த நால்வருக்கு 2021 இல் மூளை ஆராய்ச்சிக்குரிய பெரும்பரிசு கிடைத்தது. அம்மருந்தின் விலை கந்தப்பளை நாட்கூலிக்கு எட்டாது. எட்டுவது வேறொன்று. அதற்குக் காசு வேண்டியதில்லை. பொழுது மட்டும் வேண்டும்.

நோவு எத்தகையது என்று கேட்பதே அது. மெல்சாக் 1975 இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் ஆங்கிலத்தில் நோவைக் குறிக்கும் 78 சொற்கள் இருபது கூட்டமாக வகுக்கப்பட்டிருந்தன. நோயாளி எச்சொல்லைத் தேர்கின்றார் என்பதிலிருந்தே நோவின் இனத்தை ஓரளவு உணரலாம். எரிவு, மின்னடித்தாற்போலப் பாய்தல், ஊசி குத்துதல் என்பன நரம்பு பழுதுற்றதற்கு அடையாளமாகலாம். அதற்குக் கொடுக்கும் மருந்து வேறு, மூட்டுக் கடுப்புக்குக் கொடுப்பது வேறு. எமது தமிழில் இச்சொற்களுக்குப் பஞ்சமா? வலி, நோ, குத்து, குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, எரிவு, விறைப்பு, மதமதப்பு, தெறிப்பு என்று தோட்டத்துக் கிழவி ஒருத்தி ஒரே மூச்சிற் கூறுவாள். ஒன்றுக்காக இன்னொன்றைக் கூறமாட்டாள். இவ்வளவும் நோயாளர் விடுதியில் இடையே நிற்பவர் மொழிபெயர்க்கும்பொழுது ஒரே சொல்லாகச் சுருங்கிப்போகின்றன. சிங்கள மொழியிலும் ரிதீம, கெக்கும, தெவில்ல என்று வேறு வேறு சொற்கள் உள. குறை மொழிகளில் இல்லை. கேட்பவர், சொல்பவர் இருவருக்கும் இடையில் இருக்கின்றது.

தமிழில் வைத்தியம் பேச இயலுமோ என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைக்க. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைக் கற்று, மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றி வைத்தியராக்கினார். கடல் கடந்து வந்தவர் அதற்காகச் சொல் தேடினார். எமக்கோ சொல் லயத்து வாசலிற் கிடக்கின்றது.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். நோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை, மலைநாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, கிழக்கிலங்கை வழக்கு என்ற வேறுபாட்டோடு திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரான சிங்களச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் இட்டு, சட்டைப்பையில் அடங்கும் சிறு பிரசுரமாக அச்சிட்டு, மலைநாட்டு வைத்தியசாலைகளுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கும் இலவசமாக வழங்குதல் வேண்டும். வைத்தியரான பழைய மாணவர் பொருள் சரிபார்க்கட்டும். தமிழாசிரியர் வழக்குச் சரிபார்க்கட்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வரட்டும். அச்சுக் கூலி ஒரு கிரிக்கெட் ஆட்டத்து மதியபோசனச் செலவுக்கு மேற்படாது.

எமது கையேட்டில் இதுவரை முப்பத்து நான்கு சொற்கள் சேர்ந்துள்ளன. முப்பத்தைந்தாவதைக் கந்தப்பளையிற் சென்ற மாதம் கேட்டோம். பொருளை இன்னும் உறுதிசெய்து கொள்ளாமையால் அதனைச் சேர்க்கவில்லை. “முதுகுல ஒரு கனப்பு, தம்பி, வலின்னு சொல்ல முடியாது, எறக்கி வச்ச பெறகும் கூடை இருக்கிற மாதிரி” என்றார் அவ்வம்மையார். கனப்பு என்ற சொல்லை இப்பொருளில் வேறு ஊர்களில் வழங்கக் கேட்டவர் இருந்தால் சங்கச் செயலாளருக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.